தவராசாவின் மூச்சும் குளத்துக் கணக்கும்

தனியாக இருக்கும் மனிதனிடம் மணிக்கூட்டைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அவன் எதையாவது அளக்கத் தொடங்குவான். அளக்க ஒன்றும் இல்லாமற் போனால் இன்னொரு மனிதனை அளப்பான். நான் அளந்த மனிதரின் பெயர் தவராசா.

அறுபதுகளின் தொடக்கம். (சரியான திகதி என்னிடம் உண்டு. கிழமையும் உண்டு, அன்று காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்ற குறிப்பும் உண்டு. எழுதினால் இது நடந்த உருத்திரபுரத்திலிருந்து யாராவது ‘அது அண்டைக்கு இல்லை’ என்று சண்டைக்கு வருவார்கள். ஆகவே ஆவணி மாதம் என்பதோடு நிறுத்துகிறேன்.) நான் அப்போது நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். காலையில் குளத்துக்குப் போய், தண்ணீருக்குள் நட்டிருக்கும் அளவுக்கம்பத்தைப் பார்த்து நீர்மட்டத்தை எழுத வேண்டும். வாய்க்காலில் ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு, அது குறித்த தூரம் போக எடுக்கும் நேரத்தை அளந்து, தண்ணீரின் வேகத்தைக் கணக்கிட வேண்டும். அதற்காக அரசாங்கம் எனக்கு ஒரு நல்ல மணிக்கூடு தந்திருந்தது. குமிழை அமத்தினால் ஓடும், மறுபடி அமத்தினால் நிற்கும், மூன்றாம் தரம் அமத்தினால் முள் பழையபடி மேலே போய் ஒன்றுமே நடக்காததுபோல நிற்கும்.

ஆவணியில் குளம் வற்றிக் கிடந்தது. சிறுபோக அறுவடை முடிந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை, ஆகவே வேகமும் இல்லை, ஆகவே எனக்கு வேலையும் இல்லை. கந்தோர் விடுதியில் இரண்டு அறை. ஒன்றில் நான், மற்றதில் என் புத்தகங்கள். அயலில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப்போல யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் குடியேறியவர்கள், நான் மாற்றலாகி வந்தவன். அவர்களுக்குக் காணி கிடைத்தது, எனக்குக் கந்தோரில் உட்கார ஒரு கதிரை கிடைத்தது. காணிக்காரன் கதிரைக்காரனோடு என்ன கதைப்பது? தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று கேட்பார்கள். தெரியாது என்பேன். அதோடு உறவு முடிந்துவிடும். ஒரு நாள் முழுவதும் நான் பேசிய சொற்களைத் தேநீர்க் கோப்பைக்குள் போட்டால் கோப்பையின் அடிகூட நனையாது.

அப்படிப்பட்ட ஒரு பின்னேரம், குளக்கட்டின் கீழே வெறும் வெளியாகக் கிடந்த வெட்டையில் ஒருவர் தனியாகச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் நேரே வந்தார்.

“கிளாக்கர், உந்த மணிக்கூட்டாலை என்ரை ஓட்டத்தை ஒருக்காப் பாப்பியளோ?”

அவர்தான் தவராசா. என்னைவிட ஒரு வயது மூத்தவர். குடியேற்றத் திட்டங்களுக்கிடையே வருடம் ஒருமுறை நடக்கும் விளையாட்டுப் போட்டியில் ஒரு மைல் ஓட்டம் ஓடுகிறவர். போன வருடம் முல்லைத்தீவுக் கருவாட்டு வியாபாரியின் மகன் நசீரிடம் தோற்றிருந்தார். வென்றவர் யாழ்ப்பாணத்துக்குப் போய் ஓடலாம். அங்கேயும் வென்றால் கொழும்பு.

“யாழ்ப்பாணத்திலை ஓடவேணும், கிளாக்கர். சனம் பாக்க ஓடவேணும். இஞ்சை என்னை மாடுதான் பாக்குது.”

ஓடச் சொல்லிப் பார்த்தேன். முதல் சுற்று, தண்ணீர் திறந்துவிடும் துருசின் கதவு உடைந்து குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒரேயடியாகப் பாய்ந்த மாதிரி இருந்தது. இரண்டாம் சுற்றில் வாய்க்கால். மூன்றாம் சுற்றில் சேறு. நான்காம் சுற்றை அவர் ஓடினார் என்று சொல்வதற்குச் சாட்சி தேவைப்படும்.

எனக்கோ புத்தி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. கந்தோர் அலுமாரியில் எனக்கு முன்பிருந்த யாரோ விட்டுப்போன பழைய ஆங்கிலச் சஞ்சிகைகள் கிடந்தன. வாசிக்க ஆள் இல்லாததால் எல்லாவற்றையும் நான் இரண்டு தரம் வாசித்திருந்தேன். ஒன்றில், ஐரோப்பாவில் ஓட்டக்காரரை எப்படிப் பழக்குகிறார்கள் என்று ஒரு கட்டுரை இருந்தது. கொஞ்சத் தூரம் மிக வேகமாக ஓடவிடுவார்களாம். பிறகு நாடி தணிய ஆறவிடுவார்களாம். பிறகு மறுபடி ஓட்டம், மறுபடி ஆறுதல். ஓடும்போதல்ல, ஆறும்போதுதான் உடம்பு வலுக்கிறது என்று எழுதியிருந்தது. எவ்வளவு நேரம் ஆற வேண்டும்? அதைச் சொன்ன பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது.

கறையான் தின்றதை நான் கண்டுபிடிப்பது என்று முடிவெடுத்தேன். (இருபத்து மூன்று வயதில் மனிதனுக்கு இப்படித் தோன்றும். கல்யாணம் செய்துவைத்தால் போய்விடும் என்பார்கள். எனக்கு யாரும் செய்துவைக்கவில்லை.)

மனிதன் ஒரு குளம். இதுதான் என் கோட்பாடு. பலம் என்பது தண்ணீர். வேகமாக ஓடுவது துருசைத் திறப்பது. ஆறுவது ஆற்றிலிருந்து தண்ணீர் வந்து சேர்வது. வருவதைவிடக் கூட விட்டால் மட்டம் இறங்கும். துருசின் வாசற்படிக்குக் கீழே போய்விட்டால் எத்தனை பேர் சேர்ந்து கதவைத் திருகினாலும் ஒரு சொட்டு வராது. தவராசாவின் மூன்றாம் சுற்று அதுதான்.

நாடியைப் பிடித்துக் குறித்து வரைந்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் குளம் அடியில் ஒடுக்கம், மேலே அகலம். வற்றிய நேரத்தில் மழை வந்தால் மளமளவென்று ஏறும். வான் பாயும் மட்டத்தை, அதாவது குளம் நிரம்பி வழியும் மட்டத்தை, நெருங்க நெருங்க, அதே தண்ணீர் அகலத்துக்குப் பரந்து, ஒரு விரல் ஏற நாட்கணக்காகும். தவராசாவும் அப்படியே! ஓடி நின்றதும் நாடி விறுவிறென்று தணிந்தது. முக்காற்பங்கு தணிந்தபின் நத்தையாகிவிட்டது.

இதிலிருந்து புத்தியுள்ளவன் என்ன முடிவுக்கு வருவான்? முக்காற்குளம் போதும், துருசைத் திற என்பான். குளம் வான் பாயட்டும் என்று விதைப்பைப் பிந்தவிடுகிற விவசாயி உலகத்தில் இல்லை. நான் வான் பாயும்வரை காத்திருப்பதே சரி என்று முடிவு செய்தேன். ஒரு சுற்று ஓட்டம், பிறகு முழுக்குளம் நிரம்பும்வரை ஆறுதல். விஞ்ஞானம் அப்படித்தான் சொல்கிறது என்று நினைத்தேன்.

ஆறும்போது படுக்கக் கூடாது என்று ஒரு விதி போட்டேன். சும்மா இருந்தால் நித்திரை வரும், ஆகவே கதைக்க வேண்டும் என்று இன்னொரு விதி போட்டேன். (இந்த விதி ஐரோப்பாவில் இல்லை. கறையான் தின்ற பக்கத்திலும் இருந்திராது.) வெட்டையின் ஓரத்தில் ஒரு பாலைமரம். அதன்கீழ் என் கதிரை. தவராசா ஒரு சுற்று ஓடிவந்து, கதிரைக்குப் பக்கத்தில் குந்தி, வலக்கையை நீட்டுவார். நான் நாடியைப் பிடித்துக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, “பிறகு?” என்பேன்.

தவராசாவின் கதை ஓட்டம் மாதிரி அல்ல, களைக்கவே களைக்காது. குடியேறிய முதல் வருடக் கதைதான் கூடுதல். அதிலும் அவருடைய அக்காவின் புருஷனை, அவர் அத்தானை, யானை துரத்திய கதை ஒன்று இருந்தது. அத்தான் காடு வெட்டிய காணியில் தனியாகக் காவல் இருந்தார். பற்றைக்குள் பெரிதாக ஏதோ அசைந்தது. அத்தான் ஓடினார். இவ்வளவுக்கே மூன்று பின்னேரம் போயிற்று.

“அத்தான் எந்தப் பக்கம் ஓடினவர்?”

“கிணத்துப் பக்கம்.”

“பிறகு?”

“நாடி சரியோ, கிளாக்கர்? ஓடட்டோ?”

“இன்னும் கொஞ்சம் இரும்.”

“எனக்குக் களைக்கேல்லையே!”

“நீர் களைச்சுத்தான் இருக்கிறீர். உமக்குத் தெரியேல்லை. வரைபடம் சொல்லுது.”

அவர் வரைபடத்தை எட்டிப் பார்ப்பார். மேலும் கீழும் போகும் அந்தக் கோடு தன்னுடைய உடம்பு என்பதை நம்பி, பயந்து, மறுபடி இருந்துவிடுவார். ஓட்டம் ஒரு நிமிடச் சொச்சம். ஆறுதல் முதலில் ஒரு தேநீர் குடிக்கும் நேரமாக இருந்தது. பிறகு தேநீர் வைக்கும் நேரமாகியது. பிறகு சந்தைக்குப் போய்த் தேயிலை வாங்கிவந்து தேநீர் வைத்துக் குடிக்கும் நேரமாகிவிட்டது. ஒவ்வொரு நீட்டலுக்கும் என்னிடம் காரணம் இருந்தது: வெயில், வரண்ட காற்று, இந்த வருடம் ஆற்றில் வரத்துக் குறைவு.

இதற்கிடையில் ஒரு விபரீதம். அந்த வரைபடத்தாள்கள் கந்தோருடையவை. குளத்தின் நீர்மட்டத்தையும் தவராசாவின் நாடியையும் ஒரே மேசையில் வரைந்துகொண்டிருந்தேன். கிளிநொச்சிக் கந்தோருக்கு அனுப்பிய தாள்கட்டில் இரண்டும் மாறிப் போய்விட்டன. அடுத்த முறை வந்த இஞ்சினியர் தாளை மேசையில் விரித்தார்.

“இந்தக் கோடையிலை இப்பிடி நிரம்பி நிரம்பி வத்திற குளம் எது, தம்பி?”

“அது… ஒரு சின்னக் குளம், சேர்.”

“கொஞ்ச நேரத்துக்குள்ளை வத்திப்போட்டு, திரும்ப நிரம்புதே! எங்கை இருக்கு?”

“ஒரு இடத்திலை நிக்காது, சேர்.”

அவர் தாளை மடித்து வைத்தார். பிறகு, “நீர் லீவு எடுத்து எப்ப வீட்டை போனனீர்?” என்று மெதுவாகக் கேட்டார். என் உத்தியோக வாழ்க்கையில் மேலதிகாரி ஒருவர் என்மீது இரக்கப்பட்டது அந்த ஒரே தடவைதான்.

தவராசாவின் அக்கா, மங்கை அக்கா, அவ்வளவு இரக்கம் உள்ளவர் அல்ல. விறகு பொறுக்க வெட்டைப்பக்கம் வருவார். ஒருநாள் விறகுக்கட்டைத் தலையில் வைத்தபடியே நின்றார்.

“தம்பி தவம், நீ ஓடப் பழகிறியோ, இருக்கப் பழகிறியோ?”

“ஆறுறன், அக்கா. இது வெளிநாட்டு முறை.”

“நான் விறகு பொறுக்கத் தொடங்கேக்கையும் ஆறினனீ, கட்டி முடிச்ச பிறகும் ஆறுறாய். வெளிநாட்டிலை ஓட்டம் எப்ப நடக்குமாம், அடுத்த வருசமோ?” என்னிடம் திரும்பினார். “கிளாக்கர், குறை நினையாதேங்கோ. அவன் உங்களிலை உயிரா இருக்கிறான். ஆனா போட்டியிலை ஆரும் கதிரை போடமாட்டினம்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போட்டிக்கு முந்திய பின்னேரம், கடைசி ஆறுதலில், தவராசா வழமைக்கு மாறாக அத்தானை விட்டுத் தன்னைப் பற்றிக் கதைத்தார்.

“வெண்டால் யாழ்ப்பாணத்துக்குப் போயிடுவன். அங்கை ஒரு மாதம் நிண்டு பழகச் சொல்லுவினம். தோத்தால் இனி ஓடமாட்டன், கிளாக்கர். மழை வரப்போகுது, வயலுக்கை இறங்கவேணும். இந்தமுறை ரெண்டிலை ஒண்டு.”

ஓம், ஓம் என்று தலையாட்டினேன். விடுதிக்கு நடந்துபோகும்போதுதான் கணக்கு விளங்கியது. அவர் வென்றால் பின்னேரத்தில் கதைக்க ஆள் இல்லை. தோற்றாலும் ஆள் இல்லை. எந்தப் பக்கம் திருகினாலும் என் குளத்துக்கு வரத்து நின்றுவிடும். அன்று சோற்றை இறக்கிவைக்க மறந்து, கருகிய வாசம் வந்தபிறகுதான் எழுந்தேன்.

போட்டி அதே வெட்டையில் நடந்தது. சுண்ணாம்புக் கோடு, கொடி, தென்னோலைப் பந்தல், ஒலிபெருக்கி எல்லாம் வந்து வெட்டைக்கு அடையாளமே மாறியிருந்தது. நேரம் குறிக்க ஆள் வேண்டும். ஊரிலேயே நிற்கவும் ஓடவும் தெரிந்த மணிக்கூடு என்னுடையது ஒன்றுதான். ஆகவே என்னை நேரங்காப்பாளர் ஆக்கினார்கள். ஒரு கதிரை தந்து, நிழலான இடமாகப் பார்த்து, பாலைமரத்தின் கீழ் இருத்தினார்கள். இதில் உள்ள ஆபத்து அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. கோட்பாடு கண்டுபிடித்த எனக்கும் தோன்றவில்லை.

ஒரு மைல் என்றால் அந்த வெட்டையில் நாலு சுற்று. விசில் ஊதியது. குமிழை அமத்தினேன். தவராசா பறந்தார். சனம் எழுந்து நின்றது. முதல் சுற்று முடியும்போது நசீர் வெகுதூரம் பின்னால். என்னைக் கடக்கும்போது மட்டும் தவராசாவின் கால் ஒரு கணம் தடுமாறியதைக் கண்டேன். தினமும் ஓர் இடத்தில் தண்ணீர் குடிக்கும் வண்டில்மாடு அந்த இடத்தைத் தாண்டும்போது தலையைத் திருப்புமே, அப்படி. நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். இரண்டாம் சுற்றிலும் தடுமாற்றம், ஆனாலும் தாண்டிவிட்டார். சஞ்சிகைக்காரன் பொய் சொல்லவில்லை. மனிதர் உண்மையாகவே வலுத்திருந்தார்! மூன்றாம் சுற்றின் முடிவில் நசீர் அரைச் சுற்றுக்கு மேல் பின்னால். சந்தோஷம் தாங்காமல் நான் கதிரையைவிட்டு எழுந்து, “தவராசா!” என்று கையை நீட்டிவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கோட்டைவிட்டு இறங்கி நேரே மரத்தடிக்கு வந்து, மூச்சு வாங்கியபடி வலக்கையை நீட்டினார்.

அவர் செய்தது பழக்கதோஷம். நான் செய்ததற்குத்தான் இன்றுவரை பெயர் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் கையை நான் பிடித்தேன். பெருவிரலை நாடியில் வைத்தேன். மணிக்கூட்டைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து மறுபடி ஓடவிட்டேன்.

“பிறகு?” என்றேன்.

“பிறகென்ன,” என்றார் தவராசா, “அத்தான் கிணத்துக்கயித்தைப் பிடிச்சுக்கொண்டு உள்ளுக்கை தொங்கிறார். மேலை ஒரு மூச்சுச் சத்தம். புஸ், புஸ் எண்டு—”

வெட்டை முழுவதும் ஒரு சத்தமும் இல்லை. ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர்கூட வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். அந்த அமைதியில் நசீர் தப், தப் என்று எங்களைத் தாண்டி ஓடினார். ஓடும்போதே ஒருதரம் கதை கேட்கிறவர் மாதிரித் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

பந்தலடியிலிருந்து மங்கை அக்காவின் குரல் வந்தது. அதற்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

“அடேய் தவம்! ஓடடா! கிளாக்கரைக் கண்டிட்டியோடா! கிளாக்கரைக் கண்டவுடனை இருந்திட்டியோடா!”

தவராசா திடுக்கிட்டு விழித்தார். என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார், ஓடினார். ஆனால் ஆறத் தொடங்கிய உடம்பு ஓட மறுத்துவிட்டது. எல்லைக்கோட்டில் அவர் மூன்றாவது. ஓடியவர்கள் நாலுபேர்.

நசீர் மூச்சிரைக்க என்னிடம் வந்தார். “எனக்கு எத்தினை நிமிசம், சேர்?”

மணிக்கூட்டில் இருந்ததை வாசித்தேன். அது தவராசா ஆறத் தொடங்கியதிலிருந்து வந்த நேரம். உலகத்தில் எவரும் ஒரு மைலை அந்த நேரத்தில் ஓடியதில்லை. ஓடப்போவதுமில்லை. நசீருக்கு அது விளங்கவில்லை. மிகவும் சந்தோஷப்பட்டு என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். நடுவர் மட்டும் முடிவுத்தாளில் நேரம் எழுதும் இடத்தில் ஒரு சிறிய கோடு போட்டுவிட்டார். எல்லாவற்றுக்கும் திகதியும் நேரமும் எழுதி வைக்கும் நான், என் கண்முன்னால் நடந்த ஒரே பெரிய ஓட்டத்துக்கு நேரம் இல்லாமற் செய்துவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் பாலைமரத்தடிக்குப் போனேன். தவராசா வரவில்லை. மறுநாளும் போனேன். பந்தல் பிரித்த தென்னோலைகள் கிடந்தன. மாடுகள் திரும்பி வந்திருந்தன. கதிரையில் இருந்து என் நாடியையே பிடித்துப் பார்த்தேன். ஓடாத மனிதனின் நாடியை வரைந்தால் நேர்கோடுதான். அதை வரைய முயற்சியும் செய்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் மழை விழுந்தபிறகுதான் அவரைக் கண்டேன். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வரம்பில் போய்க்கொண்டிருந்தார். கோபம் இருக்கும் என்று பயந்தேன். இருக்கவில்லை. அவசரம் மட்டும் இருந்தது.

“விதைப்பு, கிளாக்கர். இருக்க நேரமில்லை.”

“அத்தானுக்கு என்ன நடந்தது?” என்றேன். வேறொன்றும் வாயில் வரவில்லை.

“அதோ? அது யானை இல்லை, கிளாக்கர். எங்கட எருமைதான்.”

சொல்லிவிட்டு நடந்தார். நான் அரை மாதமாக நீட்டி நீட்டிக் கேட்ட கதையை, நிற்காமலே முடித்துவிட்டார்.

அடுத்த வருடம் எனக்கு இடமாற்றம் வந்தது. பயணம் சொல்லப் போனபோது தவராசா வயலில் இருந்தார். மங்கை அக்காதான் தேநீர் தந்தார்.

“தம்பி, கோவியாதேங்கோ,” என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். “இப்ப எங்கட வீட்டிலை ஆரும் பாதி வேலையிலை நிண்டு கதைச்சால், ‘கிளாக்கரைக் கண்டிட்டியோ’ எண்டுதான் கேக்கிறது. என்ரை மனிசனுக்கு, தவம் கிணத்துக் கதையை ஊர் கேக்கச் சொன்னதிலை கோவம். ஆனா அவரும் அப்பிடித்தான் சொல்லுறார்.”

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு குடும்பத்துக்குள் எனக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்று நினைத்தேன். தேநீரை மெதுவாகக் குடித்தேன்.

சில வருடங்களுக்குப் பிறகு, அறுபதுகளின் முடிவில், ஒட்டுசுட்டானில் இறங்க வேண்டிய நான் முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். வழியில் ஒரு சந்தியில் கண்டக்டர் இறங்கித் தெரிந்தவர் ஒருவரோடு கதைக்கத் தொடங்கிவிட்டார். பஸ் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. முன் இருக்கையிலிருந்து, நான் முன்பின் கண்டிராத ஒரு பெண் உரத்துச் சொன்னார்:

“உவர் கிளாக்கரைக் கண்டிட்டார்!”

பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், ஒரு கணம் பிந்தி. எனக்குப் பக்கத்தில் இருந்த புகையிலை வியாபாரி என் பக்கம் திரும்பினார்.

“ஐயாவுக்கும் உந்தக் கதை தெரியுமோ?”

நான்தான் அந்தக் கிளாக்கர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவர் ஆச்சரியப்படுவார், ஒருதரம் சிரிப்பார், அதோடு முடிந்துவிடும்.

“தெரியாது,” என்றேன். “சொல்லுங்கோ.”

சொன்னார். ஆனையிறவு உப்பளத்துக்குப் பக்கத்தில் நடந்ததாம். ஓட்டமல்லவாம், சைக்கிள் போட்டியாம். கிளாக்கர் மொட்டைத் தலை, வயதானவர், நாலு பெண்பிள்ளைகளின் தகப்பனாம். வருடமும் பிழை, மாதமும் பிழை. செத்தவீட்டுக்குப் பிறர் எழுதிய கல்வெட்டுப் புத்தகத்தில்கூடத் திகதியைத் திருத்துகிற நான், வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்டக்டர் ஏறினார், பஸ் வெளிக்கிட்டது, காடு வந்தது, போயிற்று. அவர் என் மூன்றாவது மகளின் சீதனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒட்டுசுட்டான் வந்துவிட்டது. கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டார். நான் இறங்கவில்லை.